வெறும் வண்டி இறங்கணும்

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலை ஒன்பதடி அகலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் நிலையத்தில் கடைசிவரை யாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்பதடி தார், இரண்டு பக்கமும் மணல், மணலுக்கு அப்பால் பனை. மண்டபத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்புறம் கடல், ரயிலேறித்தான் தாண்ட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பஸ், ஒரு மீன் லாரி, பத்துப் பதினைந்து மாட்டுவண்டி. கல்யாண நாளென்றால் இன்னும் நாலு வண்டி வரும்.

இந்தச் சாலையில்தான் 1957-இல் ‘நெடுஞ்சாலைப் போக்குவரத்து ஓட்டக் கணித ஆய்வு நிலையம்’ வந்து இறங்கியது. வண்டிகள் எப்படி ஓடுகின்றன, எப்போது ஒரு தடத்தை விட்டு இன்னொரு தடத்துக்கு மாறுகின்றன, ஏன் மாறுகின்றன என்பதையெல்லாம் சமன்பாடாக எழுதி டில்லிக்கு அனுப்புவது எங்கள் வேலை. நான் அங்கே கிளார்க், பெயர் நாகநாதன். இரண்டு வருஷம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டவன் என்பதால் ரொம்ப யோக்கியன்போலப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் பேசாமல் இருக்கவும் முடியவில்லையே!

மதுரைச் சாலையை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்து உட்கார்ந்தீர்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். கோப்பில் அதற்கு நாற்பது பக்கம் காரணம் இருக்கிறது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு வருஷத்தில் பதினொரு மேலதிகாரிகள் எங்களைப் பார்வையிட வந்தார்கள். பதினொரு பேரும் அமாவாசையன்று வந்தார்கள், குடும்பத்தோடு வந்தார்கள். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு, தலை ஈரம் காய்வதற்குள் எங்களிடம் வந்து, சாலையை ஒருதரம் பார்த்து, ‘திருப்திகரமான முன்னேற்றம்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

எங்கள் இயக்குநர் டாக்டர் பூமிநாதன். சீமையில் ஐந்து வருஷம் இருந்து, அகலமான சாலைகளில் கார்கள் தடம் மாறுவதைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. “ஓட்டக் கற்றுக்கொண்டால் ஆய்வில் ஒருதலைப்பட்சம் வந்துவிடும், நாகநாதன்” என்பார். கெட்ட மனிதர் இல்லை. கரும்பலகையும் சாக்பீசும் கையில் கிடைத்தால் சோறு தண்ணீரை மறந்துவிடுவார். அடுத்தவனுடைய சோறு தண்ணீரையும் சேர்த்து மறந்துவிடுவார், அதுதான் தொல்லை.

வந்த முதல் மாதமே உச்சிப்புளிக்குக் கிழக்கே அரை மைல் தூரத்துக்குச் சாலை நடுவில் வெள்ளைக்கோடு போட்டார். இடது தடம் நாலரை அடி, வலது தடம் நாலரை அடி. மாட்டுவண்டியின் அகலம் ஐந்தரை அடி. நான் நாடா வைத்து அளந்து சொன்னேன். டாக்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘இப்பகுதி வண்டிகள் தவறான அளவில் செய்யப்பட்டுள்ளன’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

நாலரை அடியில் ஐந்தரை அடி போக வேண்டுமென்றால் என்ன ஆகும்? கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாடு, அந்தப் பக்கம் ஒரு மாடு. வண்டி கொஞ்சம் ஆடினாலும் ஒரு தடமாற்றம் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தண்ணீர்வண்டி மூக்கையா அந்த அரை மைலைக் கடப்பதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு முறை தடம் மாறினார். “சீமையில் நாற்பது மைலுக்கு இரண்டு முறை மாறினாலே பெரிய விஷயம்” என்றார் டாக்டர். அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து மூக்கையா, வீட்டில் ஏதோ துக்கம் போல என்று நினைத்துத் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மூக்கையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உச்சிப்புளிக்கு அருகே ஒரு தோப்பில் நல்ல தண்ணீர் ஊற்று இருக்கிறது. அங்கே இரண்டு பீப்பாய் நிரப்பி, கிழக்கே வேதாளை வரைக்கும் வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவது அவர் பிழைப்பு. அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. வாய் கொப்பளிக்கலாம், குடிக்க முடியாது. சோறாக்கினால் நாய்கூட யோசிக்கும்.

தடம் மாறியதற்குக் காரணம் கண்டுபிடிக்க டாக்டர் ஒரு படிவம் அச்சடித்தார். முப்பத்தாறு கேள்வி. முதலில் அகப்பட்டவர் மூக்கையாதான்.

“உமக்கு முன்னால் போகிற வண்டி மெதுவாகப் போனால், உமக்கு எவ்வளவு எரிச்சல் வரும்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லும்.”

“முன்னால வண்டியே இல்லையே சாமி.”

“இருப்பதாக வைத்துக்கொள்ளும்.”

“இருந்தா அது எம் மச்சினன் வண்டியாத்தான் இருக்கும்.”

“சரி, எரிச்சல் எவ்வளவு?”

“அவன் மேலயா, வண்டி மேலயா? வண்டி ஒரு பாவமும் பண்ணலயே சாமி.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏழு என்று போட்டேன்.

“எதிரே ஒரு வண்டி வருகிறது. யார் வழிவிடுவது என்று எப்படி முடிவு செய்வீர்?”

மூக்கையா சிரித்துவிட்டார். “இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? பாரவண்டி தார்ல போகும். வெறும் வண்டி இறங்கணும். பாரத்தோட மணல்ல இறங்குனா சக்கரம் பொதைஞ்சு போகும்ல?”

“இரண்டிலும் பாரம் இருந்தால்?”

“எதுல கூடன்னு பாப்போம். மாட்டைப் பாத்தாலே தெரியுமே சாமி.”

“யார் போட்ட சட்டம் இது?”

“ஆரும் போடல. எங்க அய்யா காலத்துல இருந்தே இப்படித்தான்.”

டாக்டர் படிவத்தை மேலும் கீழும் புரட்டினார். “இதற்குக் கட்டம் இல்லை, நாகநாதன். விட்டுவிடும்” என்றார். விட்டுவிட்டேன்.

இரண்டாவது வருஷம் டில்லியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. தடமாற்றம் ஏராளமாக இருக்கிறது, ஆனால் நெரிசல் என்பதே இல்லையே, நெரிசல் இல்லாமல் என்ன போக்குவரத்து ஆய்வு என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தார். அரை மைலின் இரண்டு முனையிலும் மூங்கில் தடுப்பு. வண்டிகள் ஒவ்வொன்றாகப் போகக் கூடாது. பத்து சேர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். இதற்கு ‘அடர்த்தி பத்து’ என்று பெயர். மணிக்கு ஒரு வண்டி வருகிற சாலையில் பத்து சேர எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மணலில் இறங்கிச் சுற்றிப் போகவும் முடியாது. மூன்றாம் தடம் ஒன்று வேண்டுமென்று சாலையோரம் நெடுகத் தோண்டியிருந்தோம். தோண்டிய பிறகு அனுமதி வரவில்லை. காற்றடித்து மணல் தூர்ந்து, பார்க்கத் தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும்.

ஒரு வாரத்தில் நெரிசல் கிடைத்துவிட்டது. ‘நெரிசல் உண்டாகிவிட்டது. நேரில் வரவும்’ என்று டில்லிக்குத் தந்தி கொடுத்தோம். வருகிற அமாவாசைக்கு வருவதாகப் பதில் வந்தது.

அந்த அமாவாசைதான் வேதாளை சதக்கத்துல்லா வீட்டில் கல்யாணம்.

சதக்கத்துல்லா சங்கு வியாபாரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் மூத்த பெண் கல்யாணத்தன்று மூக்கையாவின் மாடு நொண்டி, தண்ணீர் போய்ச் சேரவில்லை. வேறு வழியில்லாமல் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோறாக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மூடினார்கள். அந்தப் பெண்ணை இன்றுவரை புகுந்த வீட்டில் ‘உப்புச்சோத்து வீட்டுக்காரி’ என்றுதான் சொல்கிறார்களாம். இப்போது இளையவள் சாலிஹாவுக்குக் கல்யாணம். “இந்தத் தடவை தண்ணி வரலேன்னா என் மூஞ்சியில முழிக்காதீக பாய்” என்று மூக்கையா சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தார்.

அன்று காலை எட்டு மணிக்கு இரண்டு பீப்பாய் நிறையத் தண்ணீரோடு தடுப்புக்கு வந்தார். மாட்டுக் கொம்பில் பூச்சுற்றியிருந்தது.

“கிளார்க்கு தம்பி, கம்பைத் தூக்குங்க. கல்யாண வீட்டுத் தண்ணி.”

“அடர்த்தி ஒன்றுதான் ஆகியிருக்கிறது மூக்கையா” என்றேன். சொல்லும்போதே எனக்கு நாக்குக் கூசியது.

“அப்படின்னா?”

“இன்னும் ஒன்பது வண்டி வரவேண்டும்.”

அவர் திரும்பி மேற்கே பார்த்தார். சாலை வெறிச்சென்று கிடந்தது. “மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சதும் பந்தி தம்பி. பதினோரு மணிக்கு ஒலை வச்சாத்தான் ஆகும்” என்றார். நான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். “டில்லி அதிகாரி வருகிற நாளில் நெரிசலைக் கலைக்கச் சொல்கிறீரே, உமக்குப் பொறுப்பு இருக்கிறதா?” என்று கேட்டார்.

ஒன்பதரைக்குள் கரிமூட்டை வண்டி ஒன்றும் மிளகாய் வண்டி ஒன்றும் வந்தன. அப்புறம் மீன் லாரி. சைக்கிள் மூன்று சேர்ந்தால் ஒரு வண்டி என்று டாக்டரின் அட்டவணை சொன்னது, மூன்று வந்தன. பத்து மணிக்கு முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஆட்டுமந்தை ஒன்று வந்தது. நாற்பது ஆடு ஒரு காருக்குச் சமம். எண்ணிப் பார்த்தால் எழுபத்தாறு.

“நாலு குறைகிறது. ஒரு கார்தான்” என்றார் டாக்டர் வருத்தமாக.

“ரெண்டு ஆடு செனையா இருக்கு சாமி. ரெட்டைக் குட்டி போடுற சாதி” என்றான் ஆட்டுக்காரன், எப்படியாவது போய்த் தொலைந்தால் போதுமென்று.

டாக்டர் கரும்பலகைக்குப் போனார், வந்தார். “எதிர்காலப் போக்குவரத்து வளர்ச்சியையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்” என்று இரண்டு கார் போடச் சொன்னார். போட்டேன்.

பத்தரைக்குப் பஸ் வந்தது. ஹமீது சுல்தான் ஓட்டுகிற பஸ். உள்ளே மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டாரும். ஆக எட்டு. இரண்டு குறைந்தது. டாக்டர் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் கீழே இறங்கி நின்றால் அவர்கள் தனிப் போக்குவரத்து என்று கண்டுபிடித்தார். பூமாலையோடு மாப்பிள்ளை தாரில் இறங்கி நின்றார். அப்படி ஒன்று கூடியது. இன்னும் ஒன்று.

வெயில் ஏறியது. பீப்பாய்ச் சந்திலிருந்து தண்ணீர் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கையா தலைத்துண்டை அவிழ்த்து அந்தச் சந்தில் திணித்து, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கிழக்கேயிருந்து சதக்கத்துல்லா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“மூக்கையா! அடுப்புப் பத்த வச்சாச்சு. அரிசி களையக்கூடத் தண்ணியில்ல. இங்கன நின்னு என்னய்யா பண்ணுற?”

“நான் என்ன பாய் செய்ய? அடர்த்தி பத்தலயாம்” என்றார் மூக்கையா.

“சார், எம் பொண்ணு வாழ்க்கை சார்” என்று சதக்கத்துல்லா டாக்டரின் கையைப் பிடித்தார். டாக்டர் அவரை அன்போடு பார்த்தார். “நீங்கள் நடந்துதானே வந்தீர்கள்?” என்று கேட்டு, “நாகநாதன், பாதசாரி ஒன்று” என்றார். பத்தாயிற்று.

தடுப்பைத் தூக்கினோம். முன்னால் மூக்கையா, பின்னால் கரி, மிளகாய், லாரி, பஸ், சைக்கிள், ஆடு, மாப்பிள்ளை என்று ஊர்வலம் புறப்பட்டது. பாதி தூரம் போயிருப்பார்கள். எதிர்முனைத் தடுப்பு தானாகத் திறந்தது. டில்லி அதிகாரியின் ஜீப்! அவருக்கு எந்தத் தடுப்பும் கிடையாது. மண்டபத்து டிரைவர் பாக்கர் ஓட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தார், நெற்றி நிறைய விபூதி, தலை ஈரம். தமிழர்தான். டில்லிக்குப் போய்த் தமிழ் மறந்துவிட்டதாகச் சொல்வார், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

மாட்டு மூக்கும் ஜீப் மூக்கும் ஒரு முழ இடைவெளியில் நின்றன. டாக்டர் சாக்பீசோடு ஓடிவந்து, “அவரவர் தடத்தில் போங்கள்! அவரவர் தடத்தில்!” என்று கத்தினார். நாலரை அடித் தடத்தில் யார் போவது? அதிகாரி ஜீப்பிலேயே எழுந்து நின்றார். ஆடு, பஸ், மாலை போட்ட மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“நண்பர்களே! நெரிசல் என்பது முன்னேற்றத்தின் அடையாளம். நெரிசல் இல்லாத நாடு பின்தங்கிய நாடு. இரண்டாண்டுகளுக்கு முன் இந்தச் சாலையில் வண்டிகள் தங்குதடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தன என்று கோப்பில் படித்து நான் வேதனைப்பட்டேன். அந்த அவலத்தை டாக்டர் பூமிநாதன் மாற்றிக் காட்டியிருக்கிறார். இன்று இங்கே யாராலும் நகர முடியவில்லை. இதுபோல நாடு முழுவதும்…”

மூக்கையா பேச்சைக் கேட்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி, நேராக ஜீப்புக்குப் பின்னால் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் முன்னால் வந்து ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

“எசமான், உங்க வண்டியில என்ன பாரம்?”

அதிகாரிக்குப் புரியவில்லை. டாக்டர்தான் அதிகாரி கையிலிருந்த தடித்த கோப்பைக் காட்டி, “அறிக்கை இருக்கிறதய்யா! இரண்டு வருஷ ஆய்வு அறிக்கை!” என்றார்.

மூக்கையா அந்தக் கோப்பை இரண்டு கையாலும் வாங்கினார். ஒருதரம் தூக்கிப் பார்த்தார். “இது பாரமில்ல சாமி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“வெறும் வண்டிதானே! இறங்கச் சொல்லு மாமா” என்று பின்னாலிருந்து ஹமீது சுல்தான் குரல் கொடுத்தார். “வெறும் வண்டி இறங்கணும்ல” என்றான் ஆட்டுக்காரன். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. தெரியாதவருக்குத் தெரிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

பாக்கர் மண்டபத்துக்காரர். அதிகாரியின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து ஜீப்பை மணலில் இறக்கிவிட்டார். எங்கள் மூன்றாம் தடம் அதை ஆசையோடு வாங்கிக்கொண்டது. நாலு சக்கரமும் காணாமல் போயின. நின்றபடி பேசிக்கொண்டிருந்த அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

“ஹை! ஹை!” என்று மூக்கையா மாட்டைத் தட்டினார். சதக்கத்துல்லா சக்கரத்தில் கைகொடுத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். மொத்தக் கூட்டமும் நாலு நிமிஷத்தில் போய்விட்டது. சாலை மறுபடியும் வெறிச்சென்று ஆனது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

“எந்தச் சமன்பாடு இது?” என்று அதிகாரி மணலிலிருந்து கேட்டார்.

“நம்முடையதுதான்” என்றார் டாக்டர். “இன்னும் பெயர் வைக்கவில்லை.”

உச்சி வெயில் போனது, லுஹர் போனது. ஜீப்பை நாங்கள் ஐந்து பேர் தள்ளிப் பார்த்தோம், அது இன்னும் உள்ளே போனது. அதிகாரிக்குச் சாயங்காலம் மண்டபத்தில் ரயில். காலையிலிருந்து யாருக்கும் சாப்பாடில்லை. மூன்றரை மணிக்கு மூக்கையாவின் வண்டி கடகடவென்று திரும்பி வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு உயிர் வந்தது.

“என்னாச்சு மூக்கையா?”

“ஒரு பீப்பா முழுசும் ஒரு பீப்பா முக்காலும் போய்ச் சேந்துச்சு தம்பி. கொஞ்சம் நேரங்கழிச்சுப் பந்தி. மாப்பிள்ளை வீட்டாக ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்குனாக!” என்றார். அழுதுகொண்டே சிரித்தார்.

சதக்கத்துல்லா மனைவி ஹமீதா பானு, கல்யாணப் பெண் கையாலேயே மாட்டுக்குக் கழுநீர் வைக்கச் சொன்னாளாம்.

யாரும் கேட்காமலே மூக்கையா மாட்டை அவிழ்த்து ஜீப்பில் பூட்டி, அரை மணியில் தாருக்கு இழுத்துத் திருப்பிவிட்டார். திரும்பத் தம் வண்டியில் பூட்டி ஏறி உட்கார்ந்தார். இப்போது ஜீப் மண்டபத்தைப் பார்த்து நின்றது, அவர் வண்டி உச்சிப்புளியைப் பார்த்து நின்றது. மறுபடியும் மூக்கும் மூக்கும்.

அதிகாரி கெட்டிக்காரர், ஒரே நாளில் சட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். வெற்றியோடு சிரித்து, “என்னப்பா, பீப்பாய் இரண்டும் காலி. இப்போது நீயும் வெறும் வண்டிதானே? இறங்கு” என்றார்.

மூக்கையா சங்கடமாக நெளிந்தார். பின்னால் திரும்பி, பீப்பாய்களுக்கு நடுவே மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினார். பெரிய தேக்சா பாத்திரம் ஒன்று. நெய்யும் ஏலமும் மணத்தது.

“வெறும் வண்டியில்ல எசமான். நெய்ச்சோறு இருக்கு.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். காலையில இருந்து பட்டினியாக் கெடக்காகன்னு பாய் குடுத்து விட்டாக. நீங்க அமாவாசைக்காரகன்னு கறி சேக்காமத் தனியா ஆக்கியிருக்கு. ஆபீஸுல எறக்கி வைக்கச் சொன்னாக.”

அதிகாரி கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், தேக்சாவைப் பார்த்தார். பாக்கர் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் மறுபடியும் மணலில் இறங்கியது.

“பதிவு செய்யும், நாகநாதன்” என்றார் டாக்டர் மெதுவாக.

பதிவேட்டைத் திறந்தேன். தேதி, மணி, வண்டி வகை எல்லாம் எழுதினேன். கடைசியில் ‘தடம் மாறியதற்கான காரணம்’ என்றொரு கட்டம். இரண்டு வருஷமாக அதில் நான் ஏழு, ஐந்து, எட்டு என்று வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு வந்தவன். அன்றைக்கு மட்டும் பார்த்ததை எழுதினேன்: நெய்ச்சோறு.